டெலிவரியா, லாரியா, குடோனா? வேலையில் சேரும் முன் நெய்வேலி இளைஞர்கள் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

நெய்வேலியில் ப்ளஸ் டூவோ ஐ.டி.ஐ.யோ முடித்த ஒருவரிடம் ஊர் கேட்கும் முதல் கேள்வி, 'என்.எல்.சி.யில ஏதாவது வருமா?' என்பதுதான். 1956-ல் தொடங்கப்பட்ட நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தைச் சுற்றியே வளர்ந்த ஊர் இது. சுரங்கம், அனல்மின் நிலையம், வட்டம் வட்டமாகப் பிரிந்த குவார்ட்டர்ஸ் என்று எல்லாமே அந்த ஒரு நிறுவனத்தின் நிழலில்தான்.

ஆனால் அப்ரண்டிஸ் பயிற்சி முடித்த எல்லோருக்கும் நிரந்தர வேலை கிடைத்துவிடுவதில்லை. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி, பயிற்சி கொடுத்த நிறுவனமே வேலையும் கொடுத்தாக வேண்டும் என்ற பொதுவான கட்டாயமும் கிடையாது. அந்த அறிவிப்புக்காகக் காத்திருக்கும் நேரத்தில் பலரும் யோசிப்பது மூன்று வேலைகள்: பைக்கில் டெலிவரி, லாரி டிரைவர், சென்னைப் பக்கம் குடோன் வேலை.

மூன்றில் எது நல்லது? 'மாசம் எவ்வளவு வரும்?' என்று மட்டும் கேட்டால் இதற்குச் சரியான பதில் கிடைக்காது. கூடவே இன்னும் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். செலவு போக எவ்வளவு நிற்கும்? அடிபட்டு ஒரு மாதம் படுத்துவிட்டால் பணம் யார் தருவார்கள்? மூன்று வேலைகளும் பெரிதாக வேறுபடும் இடம் இந்த இரண்டாவது கேள்விதான்.

உங்களுக்கு முதலாளி யார்?

டெலிவரியில் பெரும்பாலும் நீங்கள் 'ஊழியர்' கிடையாது. செயலி நிறுவனங்கள் 'பார்ட்னர்' என்றுதான் அழைக்கும். பைக், பெட்ரோல், போன், ரீசார்ஜ் எல்லாம் உங்கள் செலவு. ஓடினால் பணம், ஓடாவிட்டால் இல்லை.

லாரியில் உங்கள் முதலாளி லாரி உரிமையாளர். பத்து லாரி வைத்திருக்கும் டிரான்ஸ்போர்ட்டாகவும் இருக்கலாம், ஒரே ஒரு லாரியைக் கடனில் வாங்கி ஓட்டும் தனிநபராகவும் இருக்கலாம். வண்டிச் செலவு அவருடையது. வண்டிக்கான பொறுப்பு உங்களுடையது.

குடோனில் நீங்கள் பார்ப்பது பெரிய கம்பெனியின் பொருள். ஆனால் சம்பளம் போடுவது பெரும்பாலும் இடையில் இருக்கும் ஒப்பந்ததாரர். அடையாள அட்டையில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

டெலிவரி: இன்றைக்கே தொடங்கலாம், ஆனால் கணக்கு?

இதில் இருக்கும் பெரிய வசதி, காத்திருக்கத் தேவையில்லை. 18 வயது, கியர் வண்டி லைசென்ஸ், பைக், ஸ்மார்ட்போன், வங்கிக் கணக்கு இருந்தால் போதும். வீட்டை விட்டுப் போக வேண்டியதில்லை. படித்துக்கொண்டே, தேர்வுக்குத் தயாராகிக்கொண்டே ஓட்டலாம்.

சிக்கல் ஊரின் அளவில் இருக்கிறது. சாப்பாட்டு ஆர்டர்கள் மதியம் சில மணி நேரம், இரவு சில மணி நேரம் என்று குவியும். சென்னை போல நாள் முழுக்க ஆர்டர் ஓடும் ஊர் இல்லை இது. இடைப்பட்ட நேரத்தில் காத்திருப்பதற்குப் பணம் கிடையாது. ஆன்லைன் கடைகளின் பார்சல் டெலிவரியில் பெரும்பாலும் ஒரு பார்சலுக்கு இவ்வளவு என்று கணக்கு. டவுன்ஷிப்புக்குள் ஒரே வட்டத்தில் பத்து பார்சல் கொடுப்பதும், மந்தாரக்குப்பத்தைத் தாண்டி கிராமங்களுக்குள் பத்து பார்சல் கொடுப்பதும் ஒரே உழைப்பு அல்ல. எந்த ஏரியா தருவார்கள் என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

இப்போது செலவுக்கு ஓர் உதாரணக் கணக்கு.

• ஒரு நாளைக்கு 80 கி.மீ. ஓட்டுவதாக வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 40 கி.மீ. கிடைத்தால் 2 லிட்டர் பெட்ரோல். லிட்டர் சுமார் 100 ரூபாய் என்றால் நாளைக்கு 200 ரூபாய். 26 நாளுக்கு 5,200 ரூபாய்.
• ஆயில், டயர், பிரேக் என்று மாதம் 1,000 ரூபாய் ஒதுக்கணும்.
• பைக் கடனில் வாங்கியது என்றால் தவணை 3,000 ரூபாய் என்று வைப்போம்.

மொத்தம் 9,200 ரூபாய். செயலியில் '20,000 சம்பாதித்தீர்கள்' என்று காட்டினால், கையில் நிற்பது 10,800 ரூபாய். உங்கள் பைக்கின் மைலேஜ், நீங்கள் ஓடும் தூரம் இரண்டையும் போட்டு இந்தக் கணக்கை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

இன்னொரு விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. சொந்த உபயோகத்துக்கான பைக் இன்சூரன்ஸ் பாலிசியில் 'பயன்பாட்டு வரம்பு' என்று ஒரு பகுதி இருக்கும். வாடகைக்கு ஓட்டுவது, சரக்கு ஏற்றிச் செல்வது போன்றவை அதில் விலக்கப்பட்டிருக்கும். டெலிவரியின்போது விபத்து நடந்தால் க்ளெய்மில் பிரச்சினை வரலாம். அதனால் உங்கள் பாலிசியைப் படித்துப் பார்த்து, டெலிவரி வேலைக்கும் செல்லுமா என்று இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. செயலி நிறுவனம் தரும் விபத்துக் காப்பீடு தனி. அது ஆர்டர் எடுத்திருக்கும் நேரத்துக்கு மட்டுமா, லாகின் செய்திருக்கும் நேரம் முழுவதுக்குமா என்பதையும் கேளுங்கள்.

டெலிவரி தொழிலாளர்களுக்கு அரசுப் பாதுகாப்பு என்ன இருக்கு?

கிக் தொழிலாளர்களுக்கான நல வாரியத்தை 2023 சுதந்திர தின உரையில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். அந்த ஆண்டின் இறுதியில் வாரியம் அமைக்கப்பட்டது. இதில் பதிவு செய்தவர்களில் 2,000 பேருக்கு மின் ஸ்கூட்டர் வாங்க தலா 20,000 ரூபாய் மானியம் என்று 2025-26 மாநில பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது.

மத்திய அரசின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020-ல் நிறைவேறி, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. 'கிக் தொழிலாளர்' என்ற சொல்லுக்கு மத்திய சட்டத்தில் முதன்முறையாக விளக்கம் கொடுத்தது இதுதான். செயலி நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை சமூகப் பாதுகாப்பு நிதிக்குத் தர வேண்டும் என்கிறது இது. ஆனால் அந்தத் தொகை, தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் பணத்தில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கிக் தொழிலாளர்களை இ-ஷ்ரம் தளத்தில் பதிவு செய்து, ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் மருத்துவக் காப்பீடு தருவதாக 2025 மத்திய பட்ஜெட் அறிவித்தது.

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை பதிவுதான். பெயர் பதிவில் இல்லாதவருக்குத் திட்டம் இருந்தும் பயன் இல்லை. ஆதார், ஆதாருடன் இணைந்த செல்போன் எண், வங்கிக் கணக்கு விவரங்களை எடுத்து வைத்துக்கொண்டு முதல் வாரத்திலேயே பதிவை முடித்துவிடுவது நல்லது.

லாரி: லைசென்ஸ்தான் முதல் படி

ஹெவி லைசென்ஸை நேராகப் போய் எடுத்துவிட முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988 சொல்லும் வரிசை இது.

• 18 வயதில் கார் போன்ற இலகுரக வாகன லைசென்ஸ் எடுக்கலாம்.
• அந்த லைசென்ஸ் எடுத்து குறைந்தது ஓராண்டு ஆன பிறகுதான் சரக்கு வாகனத்துக்கான எல்.எல்.ஆர். கிடைக்கும்.
• சரக்கு வாகனம் ஓட்ட 20 வயது முடிந்திருக்க வேண்டும்.
• மருத்துவச் சான்று கட்டாயம். கண் பார்வை, நிறம் பிரித்துப் பார்ப்பது எல்லாம் அதில் வரும்.

எட்டாம் வகுப்பு தேர்ச்சி வேண்டும் என்ற பழைய விதி 2019-ல் நீக்கப்பட்டது. படிப்பு இப்போது தடை இல்லை. சரக்கு வாகன லைசென்ஸை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கேஸ், பெட்ரோல் டேங்கர் ஓட்டத் தனிப் பயிற்சி வேண்டும். அந்த அனுமதியை 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

அதாவது 18 வயதில் படிப்பை முடித்தவர், லாரி ஸ்டியரிங்கைப் பிடிக்க இரண்டு ஆண்டு ஆகும். அந்த இரண்டு ஆண்டை எப்படிப் பயன்படுத்துவது என்பதில்தான் பலருக்கும் தெளிவு இருப்பதில்லை. இன்றே கார் லைசென்ஸ் எடுத்து வைத்தால் அந்த ஓராண்டுக் கணக்கு இன்றே ஓடத் தொடங்கிவிடும்.

நடுவில் ஒரு வழி: குட்டி யானை

2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒரு தீர்ப்பு கொடுத்தது. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வாகனத்தை, சாதாரண இலகுரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவரே ஓட்டலாம். தனி அனுமதி தேவையில்லை என்பதுதான் அது. நம்ம ஊரில் 'குட்டி யானை' என்று சொல்லும் சிறிய சரக்கு வண்டிகள் இந்த எடைக்குள்தான் வரும். 20 வயது நிபந்தனையை மட்டும் மறந்துவிடக் கூடாது.

நெய்வேலிக்கு இது முக்கியமான செய்தி. பண்ருட்டி பலா, முந்திரி, வடலூர், விருத்தாசலம் கடைகளுக்குப் போகும் மளிகை, சிமெண்ட், வீடு மாற்றும் சாமான் என்று ஐம்பது அறுபது கிலோமீட்டருக்குள் ஓடும் சரக்குக்கு இந்த வண்டிகள்தான். காலையில் போய் இரவு வீடு திரும்பலாம். பெரிய லாரிக்குப் போகும் முன் சாலை அனுபவமும் கிடைக்கும்.

பெரிய லாரியில் என்ன எதிர்பார்க்கலாம்?

நெய்வேலியில் லாரிக்கு வேலை உண்டு. பழுப்பு நிலக்கரியும், அனல்மின் நிலையங்களின் உலர் சாம்பலும் சாலை வழியாகப் போகின்றன. சிமெண்ட் ஆலைகளும் செங்கல் சூளைகளும் சாம்பலை வாங்குகின்றன. அனல்மின் நிலையச் சாம்பலை 100 சதவீதம் பயன்படுத்தியாக வேண்டும் என்று மத்திய அரசு 2021 டிசம்பர் 31 அன்று அறிவிக்கை வெளியிட்டது. அதனால் சாம்பல் ஏற்றும் வேலை உடனே நின்றுவிடாது. வெளிமாநில ஓட்டம் வேண்டும் என்றால் நாமக்கல், சங்ககிரி டிரான்ஸ்போர்ட்டுகள் இருக்கின்றன.

சம்பளம் பொதுவாக இரண்டு பகுதி: மாதச் சம்பளம் அல்லது டிரிப் கணக்கு, அதோடு படி. மூன்று வேலைகளில் அனுபவம் கூடக் கூட வருமானம் கூடுவது இதில்தான் அதிகம். பத்து ஆண்டு அனுபவம் உள்ள டேங்கர் டிரைவரையும் புதிதாக வந்தவரையும் எந்த உரிமையாளரும் ஒன்றாகப் பார்க்க மாட்டார். டெலிவரியில் மூன்று ஆண்டு ஓட்டியவருக்கும் நேற்று சேர்ந்தவருக்கும் ஒரு ஆர்டருக்குக் கிடைப்பதில் பெரிய வித்தியாசம் இருக்காது.

ஆபத்தும் இதில்தான் அதிகம். மூன்று விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, நேரம். 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், தொடர்ந்து 5 மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு என்று வகுத்தது. 8 மணி நேர வரம்பு புதிய சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. ஆனால் டிரிப் கணக்கில் பணம் என்றால், தூங்காமல் ஓட்டச் சொல்வது யாரும் இல்லை, நம் தேவைதான். மாற்று டிரைவர் உண்டா என்று கேட்பது இதனால்தான் முக்கியம்.

இரண்டாவது, ஓவர்லோடு. அனுமதித்த எடையைத் தாண்டினால் 20,000 ரூபாய் அபராதம், கூடுதலாக ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். ஓட்டியவர் மீதும் வழக்கு வரும், ஓட்டச் சொன்னவர் மீதும் வரும். அபராதத்தை யார் கட்டுவது என்று சேரும்போதே பேசிவிட வேண்டும்.

மூன்றாவது, விபத்து வழக்கு. அலட்சியத்தால் மரணம் ஏற்படுத்தினால் பாரதிய நியாய சன்ஹிதா 106(1) பிரிவில் 5 ஆண்டு வரை சிறை. மரணம் ஏற்படுத்திவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடினால் 10 ஆண்டு வரை என்ற 106(2) பிரிவை எதிர்த்து 2024 ஜனவரி தொடக்கத்தில் நாடு முழுக்க லாரி டிரைவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அந்த ஆண்டு ஜூலை 1 அன்று புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது இந்த ஒரு பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது.

நல்ல செய்தியும் உண்டு. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம். பழைய லாரிகளுக்கு இது பொருந்தாது.

வேலையின்போது டிரைவருக்கு அடிபட்டால் இழப்பீடு கேட்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. வயதையும் சம்பளத்தையும் வைத்துத்தான் அந்தத் தொகை கணக்கிடப்படும். சம்பளம் முழுக்க ரொக்கமாக வாங்கியிருந்தால் எவ்வளவு சம்பளம் என்று நிரூபிப்பதே பெரும்பாடு. வங்கிக் கணக்கில் சம்பளம் கேட்பது இதற்காகத்தான். அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கு என்றே தமிழ்நாட்டில் தனி நல வாரியமும் இருக்கிறது. லாரி, குட்டி யானை இரண்டும் ஓட்டுபவர்கள் பதிவு செய்யலாம்.

குடோன்: சம்பளம் சின்னது, ஆனால் சேர்வது என்ன?

பெரிய குடோன்கள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், செங்குன்றம் சுற்றுவட்டாரத்தில் இருக்கின்றன. நெய்வேலியிலிருந்து சுமார் 200 கி.மீ. அதாவது இந்த வேலைக்கு ஊரை விட்டுப் போக வேண்டும். பொருளைப் பிரித்து அடுக்குவது, ஸ்கேன் செய்வது, பேக்கிங், லோடு ஏற்றி இறக்குவது என்று பெரும்பாலும் நின்றுகொண்டே செய்யும் வேலை. இரவு ஷிப்ட் உண்டு.

பலரும் 'பிடித்தம் போக என்ன வரும்?' என்று கேட்டுவிட்டு வேண்டாம் என்று வந்துவிடுகிறார்கள். அந்தப் பிடித்தம் எங்கே போகிறது என்று பார்ப்போம். பி.எஃப். கணக்கிடும் சம்பளம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

• பி.எஃப். 12 சதவீதம்: 1,800 ரூபாய்
• இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம்: 113 ரூபாய்
• கையில் வருவது: 13,087 ரூபாய்

இதோடு நிறுவனமும் 12 சதவீதம் போட வேண்டும். அதில் 1,250 ரூபாய் ஓய்வூதியக் கணக்குக்கும், 550 ரூபாய் உங்கள் பி.எஃப். கணக்குக்கும் போகும். ஆக மாதம் 2,350 ரூபாய் உங்கள் பெயரில் சேர்கிறது. பி.எஃப். உறுப்பினர் பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை காப்பீடும் உண்டு.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. குடும்பத்துக்கும் சேர்த்து மருத்துவம். குறிப்பிட்ட நாட்கள் சந்தா கட்டியிருந்தால், உடம்பு சரியில்லாத காலத்துக்கு ஆண்டில் 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம். வேலையில் அடிபட்டு ஓய்வில் இருக்க நேர்ந்தால் 90 சதவீதம். 'ஒரு மாதம் படுத்துவிட்டால் யார் தருவார்கள்?' என்ற கேள்விக்கு மூன்று வேலைகளில் தெளிவான பதில் இருப்பது இதில்தான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பகிர்ந்துகொள்ளும் ரூம், சாப்பாடு, ஊருக்கு வந்துபோகும் பஸ் என்று 6,000 ரூபாய் போனால் கையில் 7,087 ரூபாய்தான். சேர்ந்த பி.எஃப். பணத்தையும் கூட்டினால் 9,437 ரூபாய். வீட்டிலிருந்தே டெலிவரி ஓட்டினால் நின்ற 10,800 ரூபாய்க்கு இது கொஞ்சம் குறைவு. அந்த வித்தியாசத்துக்கு ஈடாகக் கிடைப்பது இ.எஸ்.ஐ. அட்டையும் ஓய்வூதியக் கணக்கும். விலை கொடுக்கலாமா என்பது உங்கள் வீட்டு நிலைமையைப் பொறுத்தது.

ஒப்பந்ததாரர் ஏமாற்றினால்?

சம்பளத்தில் பிடிக்கிறார்கள், ஆனால் கணக்கில் கட்டுவதில்லை என்பதுதான் இதில் அடிக்கடி வரும் புகார். உங்கள் யு.ஏ.என். எண்ணை வாங்கி, உமங் செயலியில் பாஸ்புக்கை மாதாமாதம் பாருங்கள். இரண்டு மாதம் வரவு இல்லை என்றால் பி.எஃப். அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். ஒப்பந்ததாரர் சம்பளம் தராவிட்டால், வேலை நடக்கும் முதன்மை நிறுவனம்தான் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம்.

நாள் முழுக்க நிற்க வைப்பதற்கும் வரம்பு உண்டு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் செய்த திருத்தப்படி, ஊழியர்கள் உட்கார இருக்கை வசதி தர வேண்டும். இந்தச் சட்டம் கடை, வணிகத்தோடு சேர்ந்த குடோன்களையும் உள்ளடக்கியது.

வீட்டுக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள்

நெய்வேலி பிள்ளைகளுக்கு இன்னொரு கணக்கும் உண்டு: குவார்ட்டர்ஸ். அப்பாவோ அம்மாவோ பணியில் இருக்கும்வரை வீட்டு வாடகை பெரிய பாரம் இல்லை. அவர்கள் ஓய்வு பெற்றதும் அந்த வீட்டைக் காலி செய்ய வேண்டும். அன்றைக்கு வடக்குத்திலோ இந்திரா நகரிலோ வடலூரிலோ வாடகை வீடு பார்க்க வேண்டி வரும். இன்று '10,800 நிற்குதே, போதும்' என்று தோன்றும் டெலிவரிக் கணக்கு, வாடகை வந்த அடுத்த மாதமே மாறிவிடும். ஓய்வுக்கு இன்னும் எத்தனை ஆண்டு இருக்கிறது என்று வீட்டில் பேசிவிட்டு முடிவெடுப்பது நல்லது.

அப்போ யாருக்கு எது?

• போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், ஓராண்டு இரண்டாண்டுக்கு வருமானம் வேண்டும் என்பவர்: டெலிவரி. ஆனால் அதற்காகவே கடனில் புது பைக் வாங்குவதைத் தவிர்க்கலாம்.
• வண்டி ஓட்டுவதையே தொழிலாக எடுக்க நினைப்பவர்: இப்போதே கார் லைசென்ஸ், 20 வயதில் குட்டி யானை, பிறகு ஹெவி. ராத்தூக்கம் கெடுவது ஒத்துவராதவர்கள் குட்டி யானையோடு நிற்கலாம்.
• வீட்டில் நோயாளி இருக்கிறார், மருத்துவச் செலவு தொடர்ந்து வருகிறது என்றால்: இ.எஸ்.ஐ. உள்ள குடோன் வேலையை சம்பளத்தை மட்டும் பார்த்துத் தள்ளிவிட வேண்டாம்.
• முதுகுவலி, மூட்டுவலி உள்ளவர்: லோடிங் வேலையைத் தவிர்த்து ஸ்கேனிங், பில்லிங் பிரிவு கிடைக்குமா என்று கேட்கலாம்.

சேரும் முன் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

1. சம்பளம் கொடுப்பது யார்? வங்கியில் போடுவார்களா?
2. பி.எஃப்., இ.எஸ்.ஐ. எண் எந்த மாதத்திலிருந்து கிடைக்கும்?
3. வேலை நேரத்தில் அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது?
4. பொருள் உடைந்தாலோ தொலைந்தாலோ பிடித்தம் உண்டா?
5. பெட்ரோல், அபராதம், டோல், சீருடை இவற்றில் என் செலவு எது?
6. வேலையை விட்டால் கடைசி மாதச் சம்பளம் எத்தனை நாளில் வரும்?

பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. 'டெபாசிட் கட்டு, யூனிஃபார்முக்குப் பணம் அனுப்பு, நாளைக்கே வேலை' என்று யாராவது சொன்னால் பணம் அனுப்ப வேண்டாம். வேலைக்கு எடுப்பவர் உங்களுக்குப் பணம் தர வேண்டும், நீங்கள் அவருக்குத் தரக் கூடாது.